மாலத்தீவு ஆல்-இன்க்ளூசிவ்: 480 டாலர் கூடக் கொடுக்கலாமா?

கல்யாணமாகி எட்டு மாதம், இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாடு, ஜூனில் மாலத்தீவில் நான்கு இரவு. ஏஜென்ட் ஆல்-இன்க்ளூசிவ் (சாப்பாடு, குடிப்பது எல்லாம் அடக்கம்) எடுக்கச் சொல்கிறார், ஹாஃப் போர்டை (காலை, இரவு உணவு மட்டும்) விட இருவருக்கும் சேர்த்து 480 டாலர் அதிகம். நாங்கள் குடிப்பதில்லை, மனைவி சைவம், இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இரண்டு பிளான்களைப் பற்றியது போல இருந்தாலும், உள்ளே இருக்கும் பயம் வேறு என்று படுகிறது. இவ்வளவு கட்டிவிட்டுப் போன பிறகும் அங்கே போய்க் கையைப் பிசைய வேண்டி வருமா, எது இலவசம் எது காசு என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்குமா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டின் ஃபிரன்ட் ஆபீஸில் சில வருடம் வேலை பார்த்தேன். இப்போது திருச்சியில் டிராவல்ஸ் நடத்துகிறேன். ஆகவே பில் போட்டவன் பக்கமும் தெரியும், பேக்கேஜ் விற்பவன் பக்கமும் தெரியும். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் ஏஜென்ட் சொல்லும் தொகை அநியாயமில்லை. ஆனால் நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது அந்த 480 டாலரைப் பற்றி அல்ல. எந்தத் தீவு, அங்கே எதில் ஏறிப் போகிறீர்கள் என்பதில்தான் அதைவிடப் பெரிய பணமும், நீச்சல் தெரியாத இரண்டு பேரின் சந்தோஷமும் இருக்கிறது.

முதலில் கணக்கு. 480 டாலரை இரண்டு பேர், நான்கு நாள் என்று வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 60 டாலர். ஹாஃப் போர்டில் காலை உணவும் இரவு உணவும் அடங்கும். மதியச் சாப்பாடு, குடிக்கிற எல்லாமும் உங்கள் பாடு. இங்கேதான் மாலத்தீவு மற்ற ஊர்களிலிருந்து மாறுகிறது. 1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்த காலத்திலிருந்து, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் அங்கே வழக்கம். தாய்லாந்தில் என்றால் ஹோட்டல் வாசலைத் தாண்டினால் தெருக்கடை இருக்கும். இங்கே வாசலைத் தாண்டினால் கடல். ஆகவே அவர்கள் வைத்ததுதான் விலை. நடுத்தர ரிசார்ட் ஒன்றின் மதிய மெனுவில் சைவ பாஸ்தாவோ ஃபிரைட் ரைஸோ 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். அதற்கு அர்த்தம், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 17 சதவீதம் ஜிஎஸ்டி. அப்படியே பெருக்கினால் 25 என்பது 32 டாலரைத் தாண்டிவிடும். கூடவே ஒரு தண்ணீர் பாட்டில், வெயிலுக்கு ஒரு ஜூஸ், சாயங்காலம் ஒரு காபி, ராத்திரி டின்னருக்கு மறுபடி ஒரு தண்ணீர் பாட்டில் (ஆமாம், ஹாஃப் போர்டில் பல இடங்களில் சாப்பாட்டு மேசைத் தண்ணீருக்கும் பில் உண்டு). குடிக்காதவருக்கே 55, 60 டாலர் சுலபமாக வந்துவிடும். அதாவது உங்களுக்கு இது ஏறக்குறைய சமக் கணக்கு. சமமாக இருக்கும்போது, முதல் தடவை போகிறவர்கள் மெனுவின் வலது பக்கத்தைப் பார்க்காமல் சாப்பிடுவதுதான் நல்லது என்பேன்.

இன்னொரு வழியும் உண்டு, ஏஜென்டுகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ‘ஃபுல் போர்டு இருக்கிறதா, அதில் தண்ணீரும் சாஃப்ட் டிரிங்கும் சேருமா’ என்று கேளுங்கள். ஆல்-இன்க்ளூசிவ் விலையில் ஒரு நல்ல பங்கு மதுவுக்குத்தான் போகிறது. மது இல்லாமல் மூன்று வேளைச் சாப்பாடும் குளிர்பானமும் தருகிற பிளான் கிடைத்து, அது ஹாஃப் போர்டை விட 250 டாலருக்குள் கூடுதல் என்றால், உங்களுக்கு அதுதான் சரி. எல்லா ரிசார்ட்டும் அப்படித் தருவதில்லை.

சரி, ஆல்-இன்க்ளூசிவ் எடுத்தாயிற்று என்றால் எல்லாமே அடக்கமா? இல்லை. இந்த ஏற்பாட்டைப் பிரபலமாக்கியது கிளப் மெட். 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரம் அடித்து ஆரம்பித்தார்கள். பிறகு விருந்தினர்கள் பர்ஸைத் தொடவே கூடாது என்று, பாரில் காசுக்குப் பதில் கழுத்தில் மாட்டிய மணிகளைக் கழற்றிக் கொடுக்கிற முறையை வைத்தார்கள். கவனியுங்கள், சாப்பாடு அடக்கம், பாருக்கு மணி தனி. எல்லாம் அடக்கம் என்பதற்குள் ஒரு எல்லைக்கோடு அன்றைக்கே இருந்தது. உங்கள் ரிசார்ட்டின் கோடு எங்கே என்பது அவர்களுடைய இன்க்ளூஷன் பட்டியலில் இருக்கும். அதை வாயால் கேட்காதீர்கள், மெயிலில் வாங்குங்கள். வாங்கியதும் சில சொற்களைத் தேடுங்கள். ‘செலக்டட்’ என்றால் மெனுவில் பாதி. ‘ஒன்ஸ் பர் ஸ்டே’ என்றால் நான்கு நாளைக்கும் சேர்த்து ஒரே தடவை. டால்பின் பார்க்கப் போகிற படகும் சன்செட் குரூஸும் பெரும்பாலும் இந்த வகைதான். ‘டைன் அரவுண்ட் கிரெடிட்’ என்றால் ஸ்பெஷல் ரெஸ்டாரன்டில் இவ்வளவு டாலர் வரை கழிவு, மீதி உங்கள் கையிலிருந்து. மினிபார் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் நிரப்புவார்கள். ஸ்பா, ஜெட் ஸ்கீ, டைவிங், போட்டோகிராஃபர் ஆகியவை அநேகமாக எங்குமே அடக்கமில்லை. கடற்கரையில் தனி மேசை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றும் டின்னரும் தனிக் காசுதான். அதற்குத்தான் தேனிலவுத் தம்பதிகள் அதிகம் மடங்குவார்கள், பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும்.

பிளான் செக்-இன் ஆகும் மதியம் 2 மணியிலிருந்து, கிளம்பும் நாள் பகல் 12 மணி வரைதான் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். உங்கள் திரும்பும் விமானம் இரவில் என்றால், அந்த மதியச் சாப்பாடு கணக்கில் வராது. இதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில ரிசார்ட்டுகள் படகு ஏறும் வரை நீட்டித் தருகின்றன.

வரி விஷயம் உறுதியாகச் சொல்லக்கூடியது. சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம். கிரீன் டாக்ஸ் 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், உங்கள் இருவருக்கும் நான்கு இரவுக்கு 96 டாலர். ஏஜென்ட் கொட்டேஷனில் ‘டாக்ஸஸ் இன்க்ளூடட்’ என்று போட்டிருந்தாலும், கீழே பொடி எழுத்தில் ‘கிரீன் டாக்ஸ் பேயபிள் அட் ரிசார்ட்’ என்று இருக்கலாம். ஏமாற்று இல்லை, ஆனால் தெரியாமல் போனால் மனசு கசக்கும். மாலத்தீவு விமான நிலையத்தின் புறப்பாட்டு வரியும் மேம்பாட்டுக் கட்டணமும் எகானமிக்கு ஆளுக்கு 50, 50 டாலர். அது டிக்கெட்டிலேயே ஏறிவிடுகிறது, கவுண்டரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாலேயின் வேலானா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு ரிசார்ட்டுக்குப் போக ஸ்பீட்போட், சீப்ளேன் (தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சின்ன விமானம்), உள்நாட்டு விமானம் என்று மூன்று வழி. சீப்ளேன் என்றால் ஒருவருக்குப் போக வர பொதுவாக 400 முதல் 600 டாலர். நீங்கள் தயங்குகிற தொகையைப் போல இரண்டு மடங்கு இந்த ஒரு வரியில் ஒளிந்திருக்கிறது. கொட்டேஷனில் இது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் 3:30, 4 மணிக்குப் பிறகு இறங்கினால் அன்றைக்கு இணைப்புக் கிடைக்காது. மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ ஒரு ராத்திரி சொந்தச் செலவில் தங்க வேண்டும், ரிசார்ட்டில் கட்டிய அந்த இரவும் போச்சு. விமான டிக்கெட்டைப் போட்ட பிறகு ரிசார்ட்டைத் தேடுகிறவர்கள் மாட்டுவது இதில்தான். சாமானுக்கும் அளவு உண்டு. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, கூடினால் கிலோவுக்குக் காசு.

அனுபவமாகப் பார்த்தால் சீப்ளேன் ஒரு தனி ரகம்தான், மறுக்கவில்லை. பதினைந்து பேர் அளவுக்கு உட்காரும் சின்ன ட்வின் ஆட்டர் விமானம். வெறுங்காலோடு விமானி வந்து உட்காருவார். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள், அதை மீறியும் இரைச்சல் கேட்கும். ஜன்னலுக்குக் கீழே வளையம் வளையமாகப் பவளத்திட்டுகள் தெரியும். ஆனால் ஜூன் மாதக் காற்றில் அது குலுங்கும். வால்பாறை வளைவுகளில் வாந்தி எடுக்கிற ஆளாக இருந்தால் யோசியுங்கள். முதல் தடவைக்கு நான் பரிந்துரைப்பது வடக்கு மாலே அல்லது தெற்கு மாலே அட்டோலில் (பவளத்தீவுக் கூட்டத்தில்), ஸ்பீட்போட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தீவு. கட்டணம் பெரும்பாலும் சீப்ளேனில் பாதிக்கும் கீழே, இருட்டிய பிறகும் பல ரிசார்ட்டுகள் படகு விடுகின்றன. மிச்சமாகும் பணத்தில் உங்கள் 480-ஐக் கட்டிவிடலாம்.

தீவைத் தேர்ந்தெடுக்கும்போது, நீச்சல் தெரியாது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதைத்தான் முதல் வரியாக வைப்பேன். தீவைச் சுற்றி அகலமான, ஆழமில்லாத லகூன் (அலை அடங்கிய கரையோரக் கடல்) உள்ள ரிசார்ட்டுகள் ஒரு வகை. கரையிலிருந்து சில மீட்டரிலேயே பவளப்பாறை விளிம்பு வந்து, அதற்கப்புறம் கடல் சட்டென்று ஆழமாகிவிடுவது இன்னொரு வகை. ஸ்நார்கெலிங் (குழாயில் மூச்சு விட்டபடி மிதந்து நீருக்குள் பார்ப்பது) பழகியவர்கள் இரண்டாவதைத் தேடிப் போவார்கள். உங்களுக்கு முதல் வகைதான். இடுப்பளவுத் தண்ணீரில் காலூன்றி நடக்கலாம், காலடியில் குட்டிச் சுறாக்கள் போகும், அவை ஒன்றும் செய்யாது. கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். வெளிர் பச்சை நிறம் அகலமாக இருந்தால் லகூன். கரையை ஒட்டியே கருநீலம் என்றால் ஆழம். நேரில் போன பிறகும் இதுதான் விதி: நிறம் மாறுகிற கோட்டைத் தாண்டக் கூடாது. ஸ்நார்கெலிங் ஆசை இருந்தால் லைஃப் ஜாக்கெட் போட்டு, ரிசார்ட்டின் கைடோடு மட்டும் போங்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீருக்குள் இழுவை இருக்கும், ஸ்நார்கெல் பண்ணப் போய் உயிர் விட்ட பயணிகள் அங்கே உண்டு.

அதே காரணத்தால், இன்ஸ்டாகிராமில் பார்க்கும் வாட்டர் வில்லாவை விட பீச் வில்லா உங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. வாட்டர் வில்லாவின் படிக்கட்டு நேரே கடலில் இறங்கும். நீச்சல் தெரியாதவர்கள் டெக்கில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கிறார்கள். பீச் வில்லாவில் கதவைத் திறந்தால் மணல். ஆனால் மனைவிக்கு அந்த ஆசை இருந்தால் குறுக்கே நிற்காதீர்கள். கடைசி ஒரு இரவு மட்டும் வாட்டர் வில்லா என்று பிரித்துப் போட்டுத் தருவார்கள்.

சாப்பாடு. சைவம் கிடைக்குமா என்றால் கிடைக்கும், பயமில்லை. பெரும்பாலான ரிசார்ட் சமையலறைகளில் இந்தியர்களும் இலங்கைக்காரர்களும் இருக்கிறார்கள். பஃபேயில் பருப்பும் சோறும் ஒரு காய்கறிக் கறியும் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. தமிழ் பேசும் ஊழியரும் பல இடங்களில் கண்ணில் படுவார். சிக்கல் எங்கே என்றால், சைவம் போலவே தோன்றும் உள்ளூர்ப் பண்டங்களில். இலங்கைச் சம்பலில் போடும் மாசிக் கருவாடு வருகிற ஊர் இது, எதிலும் சூரை மீன் இருக்கும். காலையில் ரொஷி என்று சப்பாத்தி மாதிரி ஒன்று வைப்பார்கள், அது சைவம்தான். பக்கத்தில் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை பிசைந்து மஸ் ஹுனி என்று இருக்கும். பார்த்தால் தேங்காய்த் துவையல் போலத்தான் தெரியும், ஆனால் பாதி மீன். பஜியா என்று சாயங்கால டீயோடு வருவது சமோசா உருவத்தில் இருக்கும், உள்ளே பெரும்பாலும் மீன். போவதற்கு ஒரு வாரம் முன்பே ரிசார்ட்டுக்கு மெயில் போட்டு, ‘மீன், முட்டை எதுவும் கூடாது’ என்று விவரமாகச் சொல்லிவிடுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டையை அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். போன முதல் ராத்திரியே பஃபேயில் நிற்கும் செஃப்பிடம் நேரில் ஒரு வார்த்தை பேசிவிட்டால், மறுநாளிலிருந்து அவரே தனியாக ஏதாவது செய்து அனுப்புவார்.

ஜூன் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதனால்தான் உங்களுக்கு இந்த விலை கிடைத்திருக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தில் இதே அறை வெகுவாக ஏறும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் காலா டின்னர் என்று கட்டாயக் கட்டணம் வேறு. ஜூனில் நான்கு நாளும் வெயில் அடித்து ஊர் திரும்பியவர்களும் உண்டு, நான்கு நாளும் சாரலில் அறைக்குள் கேரம் ஆடியவர்களும் உண்டு. மழை வந்தாலும் குளிராது என்பது மட்டும் நிச்சயம். மேகமூட்டமாக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள், பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கம்.

சுங்கத்தில் நம் ஆட்கள் யோசிக்காத ஒன்று, வழிபாட்டு விக்கிரகங்கள். அவை தடைசெய்யப்பட்ட பொருள் பட்டியலில் இருக்கின்றன. அம்மா பெட்டிக்குள் சின்னப் பிள்ளையாரை வைத்து அனுப்பினால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பர்ஸில் இருக்கும் சாமி படத்துக்கோ கழுத்துச் சங்கிலி டாலருக்கோ பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை, ஆனால் அதற்கு உத்தரவாதம் தர மாட்டேன். மதுபானம், பன்றி இறைச்சிப் பொருட்கள், வேப் எதையும் கொண்டுபோகக் கூடாது. டியூட்டி ஃப்ரீயில் மச்சானுக்கான பாட்டிலைப் போகும்போதே வாங்கினால், அங்கே விமான நிலையத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். திரும்பும்போது மணல், சிப்பி, பவளத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள், அதுவும் தடை.

பணம். ரிசார்ட்டில் எல்லாம் டாலர் கணக்கு, அறை எண்ணைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான் முறை. செக்-இன் போது கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள், பயப்பட வேண்டாம். கிளம்பும் முன் வங்கி ஆப்பில் இன்டர்நேஷனல் பயன்பாட்டைத் திறந்து வையுங்கள். மெஷினில் ‘ரூபாயா டாலரா’ என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடிப்பார்கள். பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார். அது அவருடைய லாபமில்லை, உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். பில்லில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

தேனிலவுச் சலுகை என்று கேக், பூ அலங்காரம், ஒரு டின்னர் தருவார்கள். சில ரிசார்ட் கல்யாணமான ஆறு மாதத்துக்குள் என்று வைத்திருக்கும், சில ஒரு வருடம். உங்களுக்கு எட்டு மாதம் என்பதால் கேட்டுப் பார்ப்பது லாபம். ரிஜிஸ்டர் ஆபீஸ் சான்றிதழின் நகல் வேண்டும், கல்யாணப் பத்திரிகை செல்லாது. அப்புறம் கடிகாரம். மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னால். பல ரிசார்ட்டுகள் வெளிச்சத்துக்காகத் தங்கள் தீவில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கின்றன. உங்கள் போன் மாலே நேரத்தைக் காட்டும், பஃபே தீவு நேரத்துக்கு மூடும். திரும்பும் படகுக்கு நேரம் எழுதிய சீட்டு முந்தின நாள் அறைக்கு வரும்போது, அது எந்த நேரம் என்று ரிசப்ஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு அலைய வேண்டியதில்லை, இறங்கியதும் இலவசமாகப் போடுவார்கள். திரும்பும் டிக்கெட், ரிசார்ட் உறுதிச் சீட்டு கையில் இருக்கட்டும், பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், கிளம்பும்போதும் அதே மாதிரி. அது முழுக்க இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. கடைசியாக, நம்மூர் இனிஷியல் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக விரிந்திருக்கும், அல்லது சர்நேம் இடமே காலியாக இருக்கும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் இருந்தால் டிக்கெட்டும் அப்படியே இருக்க வேண்டும். கணவர் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சர்நேம் காலியாக இருந்தால் அந்தப் பெட்டியில் என்ன நிரப்புவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், அதை அவர்களிடமே கேட்டுத்தான் போட வேண்டும். ஏஜென்டிடம் பெயரைப் போனில் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, டிக்கெட் வந்ததும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.